சின்ன ர

எறும்பு என்ற சொல்லுக்குப் பெரிய ற போட வேண்டும். பள்ளியில் சேர்ந்த புதிதிலிருந்து பாப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசிவரை அவள் சின்ன ர தான் போட்டாள். அவளுடைய கைபேசியைக் காட்டி, "இது என்னன்னு தெரியுதாம்மா?" என்று நீங்கள் கேட்டபோது நான் முதலில் சொன்னதும் இதைத்தான். தவறாக நினைக்க வேண்டாம். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. வீடு பற்றி எரிகிறது என்று எழுதி நீட்டினாலும் முதலில் எழுத்தைத்தான் பார்ப்பேன்.

வாக்குமூலத்தை வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்கு எளிது என்றேன். தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நன்றி. ஆற அமர எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எறும்பு கிடையாது. சர்க்கரை டப்பாவைத் தூக்கி அடியில் பார்த்தீர்களே, அந்த எறும்பு அல்ல இது. எங்கள் இருவருக்குள் மட்டும் வழங்கிய சொல். அதற்குப் பொருள் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாப்பா என் தங்கை. அம்மா போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தேன். அப்பா இருந்தார், சுவரில் கடிகாரம் இருப்பதைப்போல. ஆகவே பாலாடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும், பிறகு வந்த எல்லாவற்றுக்கும் நான்தான். வளர்ந்து, முடி வெட்டும் தொழில் படித்து, அழகு நிலையம் ஒன்றில் பெயர் வாங்கினாள். முப்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். "வெளியில யார் முன்னாடியும் அப்படிக் கூப்பிடாதக்கா, மானம் போகுது" என்பாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "எங்க பாஸ் அடுத்த ஊர்ல கிளை திறக்கறாங்க. என்னையே பார்த்துக்கச் சொல்றாங்க. கடைக்கு மேலேயே ஒரு ரூம் இருக்காம்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

"கை இருக்குல்ல."

"அந்தக் கை ஒரு வெந்நீர் வெச்சு நான் பார்த்ததில்லையே."

"நீ வெக்க விட்டாத்தானே," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பெண். யாரையும் நோகடிக்கத் தெரியாது.

அந்த மாதமே கட்டியைப் பார்த்துவிட்டாள். வாடிக்கையாளர் ஒருவருக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்திருக்கிறாள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. விழுங்கும்போது கழுத்தில் ஏதோ ஏறி இறங்கியதாம். சோதனைகள் நடந்தன. தைராய்டு புற்றுநோய். "கேன்சர்லயே இது சாதுவான வகைம்மா, எடுத்துட்டா சரியாப் போயிடும்," என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் பாப்பா சொன்னாள், "பார்த்தியா, எனக்கு வந்த கேன்சர்கூட அப்பிராணி."

அறுவை நல்லபடியாக முடிந்தது. கிளை திறப்பைத் தள்ளிவைத்தார்கள்.

அறுவை செய்தவர் பொறுமைசாலி. ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். "தைராய்டுக்குப் பின்னாடி நாலு குட்டிச் சுரப்பி ஒட்டிக்கிட்டிருக்கும். பாராதைராய்டுன்னு பேரு. ரத்தத்துல கால்சியம் குறையாம பார்த்துக்கறது அதுங்கதான். மூணைக் காப்பாத்த முடியல. ஒண்ணை எடுத்து இடது கைச் சதைக்குள்ள நட்டு வெச்சிருக்கோம். பிடிச்சா பிடிக்கும். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் மாத்திரைதான்."

வீட்டை இடிக்கும்போது ஒண்டுக்குடித்தனக்காரனும் தெருவுக்கு வரவேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டேன். இதில் யார்மீதும் குற்றமில்லை. மருத்துவமனையை இதில் இழுக்க வேண்டாம்.

மறுநாள் காலை பாப்பா படுக்கையில் என்னைப் பார்த்து, "அக்கா, வாயைச் சுத்தி எறும்பு ஊறுது," என்றாள். நான் எழுந்து தலையணையை உதறினேன். விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கூட்டிப் பெருக்க வந்த அம்மாவிடம், "நோயாளி படுக்கிற இடத்துல எறும்பு வர்ற மாதிரியா வெச்சிருப்பீங்க?" என்று கடிந்துகொண்டேன். அந்த அம்மா பாவம், கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினார். "இப்ப விரல்லயும் ஊறுது," என்றாள் பாப்பா. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டேன்.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே வந்த செவிலி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் பாப்பாவின் கையில் சுற்றிக் காற்றை ஏற்றினார். மணிக்கட்டு தானாக மடங்கியது. விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று குவிந்து ஒரு பறவை அலகைப்போல ஆயின. பாப்பா தன் கையை யாருடையதோ போலப் பார்த்தாள். செவிலி ஓடினார். நரம்பு வழியாக மருந்து மெல்ல மெல்ல உள்ளே போனது. அலகு திறந்து, மறுபடியும் கையாயிற்று. அந்தக் கை முதலில் செய்தது, என் முந்தானையைப் பிடித்ததுதான். சிறு வயதில் பிடித்த அதே பிடி.

"நீ மட்டும் இல்லேன்னா?" என்றாள்.

அதை நான் மறக்கவில்லை. மறக்க முடியாத அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது செவிலி என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "எறும்புன்னு சொன்னா உடனே கால்சியம் மாத்திரை குடுங்க. குறையலேன்னா கூட்டிட்டு வாங்க. மூச்சு விடும்போது கீச்சுன்னு சத்தம் வந்தா எதுக்கும் நிக்காதீங்க. தொண்டை இறுகிக்கும். அப்ப அவங்களால பேச முடியாது. அப்படியே தூக்கிட்டு வந்துடுங்க." நான் தலையாட்டினேன். இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

அதன்பிறகு வந்த சில மாதங்கள் நன்றாக இருந்தன. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. நன்றாக இடைவெளி விட்டு, சாப்பாட்டோடு கால்சியம். சுண்ணாம்புக் கட்டிபோலப் பெரிது. அதோடு, கால்சியத்தை உடம்பில் சேர்க்கும் வைட்டமின் முத்து ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பாட்டில் மூடியில் போட்டு நீட்டுவேன். "அக்கா கொடுத்தா கண்ணை மூடிக்கிட்டு முழுங்குவேன்," என்று நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வாள். மதியம் அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வந்து போவேன். எப்போதாவது எறும்பு வரும். "அக்கா, எறும்பு," என்பாள், அவ்வளவுதான். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். கால் மணி நேரத்தில் அவள் முகம் தெளிவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பேன். ஒரு மனிதருக்கு இவ்வளவு திட்டவட்டமாகத் தேவைப்பட்டவர்கள் குறைவு. பிள்ளை பெற்றவர்களுக்குக்கூடச் சில வருடங்கள்தான் அது வாய்க்கிறது.

பிறகு எறும்புகள் குறைந்தன. அவளுக்கு முன்னால் அது எனக்குத்தான் தெரிந்தது. பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் மகிழ்ந்தார். "கையில வெச்சது பிடிச்சிருச்சு போல. முழுசா இல்ல, ஆனா வேலை செய்யுது. மாத்திரையைப் போகப் போகக் குறைக்கலாம். நான் சொல்றவரைக்கும் நீங்களா எதையும் நிறுத்தாதீங்க." பாப்பா பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி தன் முன்கைக்கு முத்தம் கொடுத்தாள். "எல்லாருக்கும் கழுத்துல இருக்கு, எனக்குக் கையில. அவசரத்துக்கு யாருக்காவது கடன் கூடக் கொடுக்கலாம்," என்றாள். பக்கத்தில் நின்றவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த வாரமே அவளுடைய முதலாளியம்மா வீட்டுக்கு வந்தார். கலகலப்பான பெண்மணி. உட்காரும் முன்பே என் தலையைப் பார்த்து, "அக்கா, யாருக்கா உங்களுக்கு முடி வெட்டறது? வழக்குப் போடலாம்," என்றார். தங்கைதான் என்றேன். "அப்ப இவளைக் கிளைக்கு அனுப்பறது தப்புதான்," என்று அவரே சிரித்துக்கொண்டார். நாற்காலி, கண்ணாடியெல்லாம் வந்திறங்கிவிட்டதாம். பாப்பா வந்தால் கடையைத் திறக்க வேண்டியதுதான். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பாப்பாவுடைய தேநீரில் அவரே சர்க்கரையைக் கலக்கி நீட்டினார். பாப்பா வாங்கிக் குடித்தாள்.

மறுநாளிலிருந்து மூடியில் முத்தைப் போடவில்லை.

இதை எப்படிச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்? என் தொழிலில் ஒற்று என்று ஒன்று உண்டு. மருந்துக் கடை என்று எழுத வேண்டிய இடத்தில் நடுவிலுள்ள க் விட்டுப்போகும். மருந்து கடை. அதனால் யாரும் கடைக்கு வழி தவறிப் போவதில்லை. வாக்கியம் நிற்கத்தான் நிற்கிறது, கொஞ்சம் தொய்வாக. நான் எதையும் சேர்க்கவில்லை. ஒரு வேண்டாத பொருளைக்கூட அவள் உடம்புக்குள் செலுத்தியதில்லை. ஓர் ஒற்றை விட்டேன், அவ்வளவுதான்.

இரண்டாம் நாளே கேட்டாள். "அந்தக் குட்டி முத்து எங்கக்கா?"

"டாக்டர் குறைக்கலாம்னாரே."

"ஆமால்ல," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் போவதைத் தடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் இல்லாமல் எப்படி இருக்கும் என்பதை அவள் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நீச்சல் தெரியாத பிள்ளையை ஆற்றில் விடும் முன் ஆழத்தைக் காட்டுவதில்லையா. வாரக் கடைசியில் எறும்பு வந்தது. "அக்கா, எறும்பு," என்றாள். ஓடினேன். கொடுத்தேன். தெளிந்தாள். என் தோளில் சாய்ந்தாள். எல்லாம் பழையபடி ஆயிற்று.

அடுத்த பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்து முத்தைத் தவறாமல் கொடுத்தேன். "டாக்டர் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாரு, ஃபோன் பண்ணிக் கேட்டேன்," என்றேன். அவளுக்கு உடம்பு கெட்டுவிடக் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருந்தது. எறும்பு வருகிறதென்று பாப்பா சொன்னதும் மருத்துவர் முடிவுத்தாளை மறுபடியும் பார்த்தார்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"நானே கையால கொடுக்கறேன் டாக்டர்."

"ரிப்போர்ட் நல்லா இருக்கே. பயம் இருந்தாலும் இப்படி ஆகும்மா. பதற்றத்துல வேகவேகமா மூச்சு விட்டா உதடும் விரலும் விறுவிறுங்கும். மனசைக் கொஞ்சம் தளர்வா வெச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பாப்பா கேட்டாள். "ஏன்க்கா, எறும்பு நிஜமாவே வருதா, இல்ல நானா வரவழைக்கறேனா?"

"மனசுதான் பாப்பா. கழுத்துல கத்தி பட்ட உடம்பு. பயப்படத்தானே செய்யும்."

அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று சொல்லி முத்தை மறுபடியும் விட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு எறும்புக்கும் அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மனசுதான், மனசுதான்," என்று முனகுவாள். முடியாமல் போகும்போதுதான், "அக்கா," என்பாள். அப்படித் தாமதமாக வரும் அழைப்பில் ஒரு கனம் இருந்தது. நான் அதற்குப் பழகிவிட்டேன்.

முதலாளியம்மா ஒருநாள் கைபேசியில் பேசினார். கத்தரியைப் பிடித்த கை அப்படியே இறுகி, ஒரு வாடிக்கையாளரின் காது மடலில் கீறிவிட்டதாம். "என்னக்கா இது? அவ ஏதோ எறும்பு எறும்புங்கறா. நான் என்ன பண்ணணும்?" வீட்டுச் சொல் வெளியே போயிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் நிதானமாகவே சொன்னேன். "டாக்டரே மனசுன்னுட்டார்ங்க. நாம பதறினா அவளுக்கு இன்னும் ஏறிக்கும். எறும்புன்னா கண்டுக்காதீங்க. தண்ணி குடிச்சுட்டுப் படுன்னு சொல்லுங்க, அடங்கிடும்." அவர் நன்றி சொன்னார். "நீங்க இருக்கறதால அவ பொழைச்சா," என்றார். பிறர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

காது கீறிய பிறகு கிளைப் பேச்சு அடங்கும் என்று எதிர்பார்த்தேன். பாப்பா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள்.

"நாளைக்குக் கிளம்பறேன். மனசுதான்னா, அந்த மனசு இங்க இருந்தாலும் அப்படித்தான், அங்க போனாலும் அப்படித்தான். வேலையில இருந்தா மறந்தாவது போகும்," என்றாள். பிறகு, அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "மாத்திரை டப்பாவை எடுத்து வெச்சுடுக்கா. இனிமே நானே போட்டுக்கறேன். எவ்வளவு நாள்தான் உன்னை ஓட வெக்கறது," என்றாள்.

"காலையில எடுத்துக்கலாம்," என்றேன்.

அந்த வாரம் நான் முத்தோடு கால்சியத்தையும் விட்டிருந்தேன். மூடியில் சாதாரணச் சத்து மாத்திரை ஒன்றைப் போட்டேன். எதையும் சேர்க்கவில்லை என்று மேலே எழுதியதில் இது ஒரு சிறு திருத்தம். ஆனால் அதுவும் உடம்புக்கு நல்லதுதான்.

நீங்கள் என் மேசை இழுப்பறையில் கண்டெடுத்த அட்டைகள், நான் அவளுக்குக் கொடுக்காமல் விட்டவைதான். ஒரு முத்துகூட உடைபடாமல் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். தூக்கிப் போட மனம் வரவில்லை. மருந்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அன்று மதியச் சாப்பாடு முடிந்தது. நான் கூடத்து மேசையில் அச்சுப்படிகளை விரித்துவைத்துக்கொண்டேன். ஆறாம் வகுப்புப் பாடநூல். பாப்பா தன் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. உள்ளே சீப்பு விழும் ஓசை கேட்டது. அவள் எடுக்கவில்லை. மறுபடியும் ஏதோ விழுந்தது. கத்தரியாக இருக்கும், கனமான ஓசை.

நான் எழுந்து மாத்திரைகளை எடுத்துக்கொண்டேன். முத்து, கால்சியம், இரண்டும். அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றேன். வரிசை எனக்குத் தெரியும். முதலில் உதடு. பிறகு விரல். பிறகு கை அலகாகும். அதற்குள் கூப்பிட்டுவிடுவாள். மனசு என்று சொல்லாமல், எறும்பு என்று சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஓடிப்போய்க் கொடுப்பேன். பிறகு அவளே பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைப்பாள். இவ்வளவுதான் நான் எண்ணியது. பெரிய திட்டமெல்லாம் கிடையாது.

உள்ளே கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. துரு ஏறிய கீலைத் திறப்பதுபோல. மறுபடியும் வந்தது, இன்னும் நீளமாக. விசும்புகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அழுதால் மனம் லேசாகும்.

பிறகு அமைதி. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போனபோது கையைத் திறந்து பார்த்தேன். வியர்வையில் மாத்திரைகள் கரைந்து உள்ளங்கை முழுக்க வெள்ளையாக இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கை மரத்துத்தான் இருக்கிறது. கிள்ளினால் தெரிவதில்லை. பேனா பிடிப்பதில் தொந்தரவில்லை.

முதலாளியம்மா இரண்டு நாட்களாக அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். பாப்பாவின் செய்திக்கு அவர், "தண்ணி குடிச்சுட்டுப் படும்மா, சரியாயிடும்," என்று பதில் போட்டிருக்கிறார். அவர்மீது தவறில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார். அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தியது நான். பரிசோதனைக்கு முன்னால் கொடுத்து மருத்துவரை நம்பவைத்தது நான். மனசு என்று அவளை நம்பவைத்ததும் நான். கதவுக்கு வெளியே நின்றதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

அந்தச் சொல்லை முதல் தடவையாக நீங்கள் காட்டியபோதுதான் பார்த்தேனா என்று கேட்டீர்கள். என்னுடைய கைபேசியையும் எடுத்துப் போயிருக்கிறீர்கள். ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. முதலாளியம்மாவுக்கு அனுப்பிய கையோடு அவள் எனக்கும் அனுப்பினாள். அவருக்கு முதலில், எனக்குப் பிறகு. கதவுக்கு இந்தப் பக்கம், மேசைமேல், அச்சுப்படிகளுக்கு நடுவே கைபேசி ஒளிர்ந்தது. நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

எரும்பு.

சின்ன ர. உள்ளே போனதும் முதலில் அதைத் திருத்திவிட்டுத்தான் மாத்திரை என்று நினைத்துக்கொண்டேன். எழுதுகிற பெண்ணுக்குப் பேசவா முடியாது? அவள் வாய் திறந்து ஒரே ஒரு தடவை அக்கா என்று கூப்பிட்டிருந்தால், உள்ளே போயிருப்பேன்.